அம்மாவின் ஊஞ்சலும் ஒரு கட்டடத்தின் கணக்குப் புத்தகமும்

முதலிலேயே சொல்லிடறேன், இது வீட்டுக்கடன் வட்டி பற்றிய பதிவு இல்லை. (அதைக் கேட்டு மெயில் போட்ட நண்பர்கள் மன்னிக்கணும், அடுத்த வாரம் கண்டிப்பா.) இது ஒரு ஊஞ்சல் பற்றிய பதிவு. ஊஞ்சலில் ஆரம்பிச்சு, 'கட்டடத் தகவல் நிர்வாகம்' என்கிற வாயில் நுழையாத சமாச்சாரத்தில் போய் முடியும். பயந்து ஓடிடாதீங்க. புனேவோ, தானேவோ, நொய்டாவோ, பெங்களூரோ, எங்கேயோ ஒரு அடுக்குமாடியில் வீடு வாங்கி இன்னும் இருபது வருஷம் தவணை கட்டப்போற நம்மூர்க்காரங்க எல்லாருக்கும் இதில் சம்பந்தம் இருக்கு.

அப்பா காலமான பிறகு, அம்மா கும்பகோணம் பக்கத்தில் இருந்த வீட்டைப் பூட்டிட்டு எங்களோட புனேவுக்கு வந்துட்டாங்க. வரும்போது கேட்டது ஒண்ணே ஒண்ணுதான். கூடத்து ஊஞ்சல். தேக்குப் பலகை, பித்தளைச் சங்கிலி. லாரி சர்வீஸில் போட்டு பத்து நாள் கழிச்சு வந்து சேர்ந்தது. ஹால் நடுவில், டிவிக்கு நேரே மாட்டணும்னு அம்மா இடம்கூடப் பார்த்து வெச்சாச்சு.

கொக்கி போட ஆள் வந்தான். இருபது வயசுப் பையன், பீகார்க்காரன். சீலிங்கில் நாலு இடத்தில் பென்சிலால் குறி போட்டு, ஏணியில் ஏறி, டிரில் மெஷினைத் தூக்கிட்டான். அப்போ மேல் வீட்டுப் பெரியவர் ஏதோ கேட்க வந்தார். ரிட்டையர்டு சிவில் இன்ஜினியர், மராத்திக்காரர். ஏணியைப் பார்த்தவர் வாசலிலேயே நின்னு, "இது பி.டி. ஸ்லாப் ஆச்சே, கேபிள் எங்கே போகுதுன்னு பார்த்துட்டீங்களா?"ன்னு இந்தியில் கேட்டார்.

எனக்கு பி.டி.ன்னா பள்ளிக்கூட பி.டி. மாஸ்டர்தான் தெரியும்.

அவர் உட்கார்ந்து விளக்கினார். போஸ்ட் டென்ஷனிங் என்கிற முறை. கான்கிரீட் தளத்துக்குள் சாதாரணக் கம்பியோட கூட, குழாய்க்குள் எஃகு கேபிள்களை விட்டுடுவாங்க. கான்கிரீட் இறுகின பிறகு ஜாக்கி வெச்சு அந்தக் கேபிள்களை இழுத்து, ஓரத்தில் பூட்டிடுவாங்க. இழுபட்ட கேபிள் தளத்தை இறுக்கிப் பிடிச்சுக்கிட்டே இருக்கும். அதனால தளம் மெலிசா இருக்கலாம், ஹால் அகலமா இருக்கலாம், நடுவில் தூண் வேண்டாம். நாம 'விசாலமான ஹால்'னு சந்தோஷப்படறதுக்குப் பின்னால் இருக்கிற ரகசியம் இதுதான். ஆனால் அந்தக் கேபிளை டிரில் பிட் அறுத்தா அந்த இடத்தில் தளத்தோட பலமே குறைஞ்சு போகும். சிமென்ட் பால் நிரப்பாத வகைக் கேபிளா இருந்தா இழுவிசையோட சீறிக்கிட்டு வெளியேகூட வரலாம். கேபிள் நேர்க்கோட்டில் போகாது, தொட்டில் மாதிரி வளைஞ்சு போகும். தூண் பக்கத்தில் மேலே இருக்கும். ஹால் நடுவில் கீழே தாழ்ந்து, சீலிங்குக்கு ரொம்பப் பக்கத்தில் வந்துடும்.

அதாவது, நம்ம ஆளுங்க ஊஞ்சல் மாட்டற அதே இடத்தில்.

பையனைக் கீழே இறங்கச் சொன்னேன். கேபிள் எங்கேன்னு தெரிஞ்சுக்கிட்டு மாட்டிக்கலாம், இதிலென்னன்னு நினைச்சேன். அங்கே ஆரம்பிச்சது யாத்திரை.

முதல் ஸ்டாப், சொசைட்டி ஆபீஸ். செகரட்டரி இரும்பு பீரோவைத் திறந்து ஒரு சுருளை எடுத்துக் கொடுத்தார். மாநகராட்சி அனுமதிக்காகப் போட்ட பிளான். ரூம் எத்தனைக்கு எத்தனை, ஜன்னல் எங்கே என்பதெல்லாம் இருந்தது. கான்கிரீட்டுக்குள் என்ன புதைச்சாங்கன்னு ஒரு வரி இல்லை. அடுத்து பில்டர் ஆபீஸ். எங்க டவரைக் கட்டின சைட் இன்ஜினியர் வேலையை விட்டுப் போய் மூணு வருஷம் ஆச்சாம். கன்சல்டன்ட்டைக் கேளுங்கன்னாங்க. கன்சல்டன்ட், "நாங்க டிசைன் மட்டும்தான் சார், கேபிள் போட்டது வேற கம்பெனி" என்றார். அந்தக் கம்பெனி வேற ஊரில். ஐந்து வாரம் மெயில் போட்டுப் போட்டு, கடைசியில் மூணு பி.டி.எஃப். கைக்கு வந்தது. ஒண்ணோட பேர் 'ஃபைனல்'. ரெண்டாவது 'ஃபைனல் ரிவைஸ்டு'. மூணாவது 'ஃபைனல் ஃபைனல்'. (சிரிக்காதீங்க, உங்க லேப்டாப்பிலும் இப்படி ஒண்ணு இருக்கும்.) மூணிலும் எங்க ஹாலில் கேபிள் மூணு விதமாப் போகுது. எதை வெச்சுக் கட்டினாங்கன்னு சொல்ல ஒருத்தர் இல்லை.

மேல் வீட்டுப் பெரியவரே ஒரு டெஸ்டிங் கம்பெனியைச் சொன்னார். அவங்க வந்து கையடக்க ரேடார் கருவியை சீலிங்கில் உருட்டி, சாக்பீஸால் கோடு போட்டுக் காட்டினாங்க. பையன் குறி போட்டிருந்த நாலு புள்ளியில் ஒண்ணு சரியா கேபிள் மேலே உட்கார்ந்திருந்தது. மூணு பி.டி.எஃப். படத்திலும் அந்த இடம் காலி.

நாங்க எந்த டிராயிங்கை நம்பியிருந்தாலும் அந்தப் பையன் கேபிளில்தான் ஓட்டை போட்டிருப்பான். அன்னிக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரலை.

இதையெல்லாம் கேட்ட அம்மா சாதாரணமா ஒண்ணு சொன்னாங்க. "நம்ம வீட்டில் எங்க ஆணி அடிக்கணும்னாலும் கொத்தனாரைக் கூப்பிட்டுக் கேப்போம்டா. அவர் அப்பா கட்டின வீடு. உத்தரம் எங்க, எது வலுன்னு அவருக்குத் தெரியும்."

யோசிச்சுப் பார்த்தா விஷயம் மொத்தமும் அதில் இருக்கு. ஊரில் கட்டடத்தோட தகவல் ஒரு மனுஷன் தலைக்குள் இருந்தது. அந்த மனுஷனும் அதே தெருவில் இருந்தார். இங்கே? கட்டினவங்க பீகாரிலிருந்தும் வங்காளத்திலிருந்தும் வந்து, அடுத்த சைட்டுக்குப் போயிட்டாங்க. இன்ஜினியர் கம்பெனி மாறிட்டார். வாங்கின நாமளும் வெளியூர், நாளைக்கே டிரான்ஸ்ஃபர் வந்தா வித்துட்டுப் போயிடுவோம். நம்மளை மாதிரி ஊர்விட்டு ஊர் வந்தவங்க கட்டி, ஊர்விட்டு ஊர் வந்தவங்க குடியிருக்கிற கட்டடத்துக்கு ஞாபகம்னு ஒண்ணு வேணும்னா, அது எழுத்தில்தான் இருந்தாகணும்.

இப்போ ஒரு பேங்க் ஆபீசரா என் பக்கத்துத் தப்பையும் ஒத்துக்கறேன். வீட்டுக்கடன் ஃபைலில் என்ன இருக்கும்? விற்பனை ஒப்பந்தம், வக்கீலோட சட்டக் கருத்து, அங்கீகரிச்ச பிளான், வேல்யூவர் ரிப்போர்ட், சம்பளச் சான்று. மனைக்குப் பல வருஷத்து வில்லங்கம் பார்க்கிறோம். கட்டடத்துக்கு ஒரு பக்க ஜாதகம்கூடக் கேட்கிறதில்லை. 2016-ல் வந்த ரெரா சட்டப்படி, வீடு வாங்கறவங்க கொடுக்கிற பணத்தில் 70 சதவீதம் தனிக் கணக்கில் இருக்கணும். இன்ஜினியர், ஆர்க்கிடெக்ட், சார்ட்டர்டு அக்கவுன்டன்ட் மூணு பேரும் சான்று கொடுத்தாத்தான், வேலை முடிஞ்ச விகிதத்துக்கு ஏத்தபடி பணம் எடுக்கலாம். நல்ல ஏற்பாடு. ஆனா அந்தச் சான்றில் எவ்வளவு கட்டியாச்சுன்னுதான் இருக்கும். உள்ளே எதை எங்கே புதைச்சாங்கன்னு இருக்காது. பணத்துக்குத் தணிக்கை இருக்கு, கட்டடத்துக்கு இல்லை.

சரி, இதுக்குத் தீர்வே கிடையாதா? இருக்கு, அதுக்கு ஒரு பேரும் இருக்கு. பில்டிங் இன்ஃபர்மேஷன் மாடலிங், சுருக்கமா பிம். கட்டறதுக்கு முன்னாடியே கம்ப்யூட்டரில் முப்பரிமாணத்தில் கட்டடத்தைக் கட்டிடறது. சுவர், பீம், பைப், பம்ப் எல்லாம் அதில் இருக்கும், ஒவ்வொண்ணோடயும் அதன் விவரமும் ஒட்டியிருக்கும். பம்ப்னா என்ன மாடல், எப்போ பொருத்தினது, வாரன்டி எப்போ முடியுதுன்னு பார்க்கலாம். பைப் பீம் மேல இடிக்குதான்னு கம்ப்யூட்டரே சொல்லும். நாக்பூர் மெட்ரோவில் இதோட கால அட்டவணையையும் செலவையும் சேர்த்து '5டி பிம்'னு பயன்படுத்தினாங்க. அதனால நம்ம நாட்டுக்குப் புதுசுன்னும் சொல்ல முடியாது.

ஆனா பாருங்க, இந்தப் பேரில் நடுவில் இருக்கிற வார்த்தை 'இன்ஃபர்மேஷன்'. நாம எல்லாரும் கடைசி வார்த்தையைப் பார்த்துத்தான் வாயைப் பிளக்கிறோம். சேல்ஸ் ஆபீஸில் பெரிய டிவியில் டவரைச் சுத்திச் சுத்திக் காட்டுவாங்க. படம் சுத்தினா மட்டும் கேபிள் எங்கேன்னு தெரிஞ்சுடாது. அந்தப் படத்துக்குப் பின்னால் யாராவது ஒழுங்கா கணக்கு எழுதியிருக்கணும்.

ஆமா, கணக்குதான். பி.காம் படிச்சவனுக்கு இது சுலபமாப் புரிஞ்சது. 2018-ல் ஐ.எஸ்.ஓ. 19650னு ஒரு சர்வதேசத் தரநிர்ணயம் வந்தது. கட்டடத் தகவலை எப்படி நிர்வகிக்கணும் என்பதுதான் அதில் விஷயம். எல்லாரும் ஒரே பொதுக் களஞ்சியத்தில் ஃபைலைப் போடணும். ஒவ்வொரு ஃபைலும் நாலு நிலையில் ஏதாவது ஒண்ணில் இருக்கும். வேலை நடக்குது, மத்தவங்க பார்க்கப் பகிர்ந்தது, ஒப்புதல் ஆகி வெளியிட்டது, பழையது என்று காப்பகத்தில் வெச்சது. ஒரு நிலையிலிருந்து அடுத்ததுக்குப் போக ஒருத்தர் சரிபார்க்கணும், பொறுப்பானவர் ஒப்புதல் கொடுக்கணும். சைட்டில் கட்டறவன் வெளியிட்ட டிராயிங்கை மட்டும்தான் கையில் எடுக்கலாம். ஒவ்வொரு ஃபைலுக்கும் தனி அடையாள எண், எத்தனாவது திருத்தம், எதுக்காகப் பயன்படுத்தலாம் என்ற குறிப்பு, எல்லாம் உண்டு. 'ஃபைனல் ஃபைனல்' என்ற பேச்சுக்கே இடமில்லை.

பேங்கில் இருக்கறவங்க இதைப் படிச்சா சிரிப்பீங்க. மேக்கர், செக்கர்! ஒருத்தர் வவுச்சரைப் போடுவார், இன்னொருத்தர் பாஸ் பண்ணுவார், அப்புறம்தான் லெட்ஜரில் ஏறும். தப்புன்னா அழிக்க முடியாது. ரிவர்சல் என்ட்ரி போடணும், பழைய பதிவும் தேதியோட அங்கேயே கிடக்கும். நூறு ரூபாய்க்கு இவ்வளவு கட்டுப்பாடு வெச்சிருக்கோம். எண்பது லட்ச ரூபாய் வீட்டைத் தாங்கிப் பிடிக்கிற கேபிளுக்கு 'ஃபைனல் ரிவைஸ்டு'!

சாஃப்ட்வேர் வாங்கிட்டா எல்லாம் சரியாயிடும்னு நினைக்கறவங்களுக்கு ஒரு அனுபவம். நான் வேலைக்குச் சேர்ந்த புதுசில், கிளை லெட்ஜர்களைக் கோர் பேங்கிங்குக்கு மாத்தினோம். ஒரே ஆள் பேர் மூணு கணக்கில் மூணு ஸ்பெல்லிங்கில் இருக்கும். முகவரியில் 'மேற்படி' மட்டும் இருக்கும். ராத்திரி ராத்திரியா உட்கார்ந்து அதைச் சுத்தம் பண்ணினது மனுஷங்கதான். குப்பையை உள்ளே போட்டா, சிஸ்டம் அதே குப்பையை வேகமாத் திருப்பிக் கொடுக்கும். பிம்முக்கும் இதே கதைதான்.

தகவல் பிசகினா என்ன ஆகும் என்பதுக்கு எனக்குப் பிடிச்ச உதாரணம் ஒண்ணு. ஜெர்மனிக்கும் சுவிட்சர்லாந்துக்கும் நடுவில், ரைன் நதி மேல, லாஃபன்பர்க் என்ற ஊரில் ஒரு பாலம் கட்டினாங்க. கடல் மட்டத்தை ஜெர்மனி வட கடலை வெச்சு அளக்குது, சுவிஸ் மத்திய தரைக்கடலை வெச்சு அளக்குது. ரெண்டுக்கும் 27 செ.மீ. வித்தியாசம். இது எல்லாருக்கும் முன்னாடியே தெரியும், கணக்கிலும் எடுத்துக்கிட்டாங்க. ஆனா கூட்ட வேண்டிய இடத்தில் கழிச்சுட்டாங்க! 2003-ல் பார்த்தா ரெண்டு கரைக்கும் 54 செ.மீ. வித்தியாசம் நிக்குது. அப்புறம் திருத்திக் கட்டி முடிச்சாங்க. டிரையல் பேலன்ஸ் போட்டவங்களுக்கு இது பழைய நண்பன். வித்தியாசம் வந்தா அதை ரெண்டால வகுத்து, அந்தத் தொகை எந்தப் பக்கம் மாறி விழுந்திருக்குன்னு தேடுன்னு எங்க வாத்தியார் சொல்லிக் கொடுத்த அதே பாடம். தகவல் இருந்தது. அதைக் கையாண்டதை ரெண்டாவது ஆள் சரியாப் பார்க்கலை.

காசு நஷ்டத்தோட போனால் பரவாயில்லை. 2017 ஜூன் 14, லண்டனில் கிரென்ஃபெல் டவர் எரிஞ்சது. 72 பேர் இறந்தாங்க. தீ பரவினதுக்கு முக்கியக் காரணம் வெளிச்சுவரில் ஒட்டின பலகைகள். அதோட இன்னொரு விஷயமும் விசாரணையில் வந்தது. உயரமான கட்டடங்களோட தற்போதைய பிளானைத் தீயணைப்புத் துறைக்குக் காகிதத்திலும் கம்ப்யூட்டரிலும் கொடுத்து வெச்சிருக்கணும்னு 2019-ல் வந்த விசாரணை அறிக்கை சொன்னது. அதுக்கு முன்னாடி 2018-ல் வந்த மறுஆய்வு அறிக்கை 'தங்க நூல்'னு ஒரு பேர் வெச்சது. டிசைன் போட்ட நாளிலிருந்து இடிக்கிற நாள் வரைக்கும் கட்டடத்தோட தகவல் அறுபடாத நூல் மாதிரி வரணும்னு அர்த்தம். 2022-ல் அங்கே கட்டடப் பாதுகாப்புச் சட்டமே வந்துடுச்சு. இங்கிலாந்தில் குறைஞ்சது 18 மீட்டர் உயரமோ ஏழு மாடியோ இருக்கிற குடியிருப்புகளுக்கு அந்த நூலைக் காப்பாத்தறது இப்போ சட்டப்படியான கடமை. நம்ம புனே, நொய்டாவில் ஏழு மாடியை யாரும் உயரம்னே சொல்றதில்லை!

பில்டர் தரப்பையும் சொல்லணும் இல்லையா? "இதெல்லாம் செலவு சார்"ம்பாங்க. உண்மைதான், மாடல் போட ஆள் வேணும், சாஃப்ட்வேர் வேணும். நாலு வீடு இருக்கிற சின்னக் கட்டடத்துக்கு அதெல்லாம் வேண்டாம்னு நானே சொல்லுவேன். ஆனா அங்கேயும் ஒழுங்கா நம்பர் போட்டு, கட்டி முடிச்சபடி திருத்தின ஒரே ஒரு டிராயிங் செட் கொடுக்கலாம். கான்கிரீட் கொட்டறதுக்கு முன்னாடி ஸ்லாபை ஃபோட்டோ எடுத்து, மாடி நம்பரும் தேதியும் போட்டு வைக்கலாம். இதுக்கு என்ன பெரிய செலவு? இன்னொரு வாதம், முழு விவரத்தையும் வெளியே கொடுத்தா பாதுகாப்புக்கு ஆபத்து என்பது. நியாயமான கவலை. அந்தத் தரநிர்ணயத்திலேயே 2020-ல் இதுக்குன்னு தனிப் பாகம் போட்டிருக்காங்க. லாக்கர் சாவி மாதிரி யாருக்கு எதுன்னு முடிவு பண்ணிக் கொடுக்கணும். கொடுக்கவே மாட்டேன்னு சொல்ல அது காரணம் ஆகாது.

நம்ம பக்கமும் ஒரு தப்பு இருக்கு. நாம கேட்கிறதே இல்லை. என்ன தகவல் வேணும், எதுக்கு வேணும்னு கட்டடத்தைச் சொந்தமாக்கிக்கப் போறவங்க முதலிலேயே எழுதிக் கொடுக்கணும் என்பதுதான் அந்தத் தரநிர்ணயத்தோட முதல் படி. ஒரு ஹார்ட் டிஸ்க் நிறைய ஃபைலைக் கொட்டிக் கொடுத்தா யாருக்கும் பிரயோஜனமில்லை.

ரெரா சட்டத்தின் 17-வது பிரிவில் ஒரு வரி இருக்கு. நிறைவுச் சான்றிதழ் கிடைச்ச 30 நாளைக்குள், பொதுப் பகுதிகள் உட்பட தேவையான ஆவணங்களையும் பிளான்களையும் சங்கத்துக்குப் பில்டர் ஒப்படைக்கணும். 'தேவையான' என்பது என்னென்னன்னு நாமதான் சொல்லணும். நான் எங்க சொசைட்டியில் கொடுத்த பட்டியல் இது:

1. கட்டி முடிச்சபடி திருத்தின ஸ்ட்ரக்சரல் டிராயிங், ஒரே ஒரு செட், திருத்த எண்ணும் கையெழுத்தும் தேதியும் போட்டது. பி.டி. ஸ்லாப்னா கேபிள் போகிற வழி தனியா.

2. தண்ணீர், கழிவுநீர், மின்சாரம், தீயணைப்புக் குழாய் எங்கெங்கே போகுது, அடைக்கிற வால்வு எங்கேன்னு டிராயிங். இப்போ நிறைய டவரில் அலுமினிய அச்சு வெச்சு சுவரையே கான்கிரீட்டில் வார்க்கிறாங்க. வயர் போற குழாயெல்லாம் உள்ளேயே போயிடுது, தட்டிப் பார்த்துக் கண்டுபிடிக்க வழியில்லை.

3. லிஃப்ட், பம்ப், ஜெனரேட்டர் எல்லாத்துக்கும் ஒரு பட்டியல். மாடல், சீரியல் நம்பர், வாரன்டி தேதி. சாதாரண எக்ஸெல் ஷீட் போதும். கோபினு ஒரு உலகளாவிய முறையே கிட்டத்தட்ட அப்படிப்பட்ட ஷீட்தான்.

4. பிம் மாடல் இருந்தா அதை ஐ.எஃப்.சி. என்ற பொது வடிவத்திலும் கொடுக்கணும். பதினைஞ்சு வருஷம் கழிச்சு அந்த சாஃப்ட்வேர் லைசென்ஸ் யார்கிட்ட இருக்கும்னு யாருக்குத் தெரியும்?

5. இதையெல்லாம் சங்கத்தில் யார் வெச்சிருப்பாங்க, ரிப்பேர் பண்ணினா யார் திருத்துவாங்கன்னு ஒரு தீர்மானம். அது இல்லேன்னா முதல் பிளம்பர் வந்துட்டுப் போன அன்னிக்கே கணக்கு தப்பாயிடும்.

இது வெறும் சௌகரியத்துக்காக இல்லைங்க. வீடு கையில் வந்த நாளிலிருந்து ஐந்து வருஷத்துக்குள் கட்டுமானக் குறை தெரிஞ்சா பில்டர் செலவில்லாமல் சரி பண்ணித் தரணும்னு அதே சட்டத்தின் 14-வது பிரிவு சொல்லுது. நீங்க தெரியாமல் கேபிளை அறுத்துட்டா, "நீங்கதான் ஓட்டை போட்டீங்க"ன்னு ஒரே வரியில் முடிச்சுடுவாங்க. அப்போ டிராயிங் இல்லாத கஷ்டம் உங்களுக்குத்தான்.

பேங்க்காரங்களுக்கும் (எனக்கும் சேர்த்துத்தான்) ஒரு வார்த்தை. புராஜெக்ட் கடனில் கடைசித் தவணையை விடறதுக்கு முன்னாடி, இந்தத் தகவல் தொகுப்பு சங்கத்துக்குப் போய்ச் சேர்ந்துச்சான்னு ஒரு நிபந்தனை போட்டா என்ன குறைஞ்சுடும்? நம்ம அடமானச் சொத்தே அந்தக் கட்டடம்தானே. எங்க அதிகாரிகள் கூட்டத்தில் இதைச் சொன்னேன். "நல்ல யோசனை"ன்னு தலையாட்டிட்டு டீ குடிக்கப் போனாங்க. மறுபடி சொல்லுவேன்.

ஊஞ்சல் என்ன ஆச்சுன்னு கேட்கறீங்களா? பெரியவர், இந்த ஸ்லாபில் ஓட்டையே வேண்டாம்னுட்டார். தரையில் நிக்கிற இரும்பு ஸ்டாண்டு அடிக்கச் சொல்லி, அதில் பலகையை மாட்டியாச்சு. ஹாலில் பாதி இடத்தை அது பிடிச்சுக்கிச்சு. அம்மா உட்கார்ந்து ஒரு ஆட்டு ஆட்டிப் பார்த்தாங்க. "கூடத்தில் ஆடின மாதிரி வீச்சு வரலைடா"ன்னாங்க.

ரேடார் ஆளுங்க போட்ட சாக்பீஸ் கோடு இன்னும் சீலிங்கில் இருக்கு. அழிச்சுப் பெயின்ட் அடிக்கலாம்னு வீட்டுக்காரம்மா சொல்றாங்க. நான் விடலை. எங்க வீட்டைப் பத்தின நம்பகமான டிராயிங் இப்போதைக்கு அது ஒண்ணுதான். ஃபோட்டோ எடுத்து, அளவு எழுதி, தேதி போட்டு, ஒரு காப்பியை சொசைட்டி பீரோவில் வெச்சுட்டேன். அடுத்து இங்கே யார் குடிவந்தாலும் அவங்களுக்கு உதவும்.

பி.கு.: உங்க வீட்டிலும் ஊஞ்சல், தொட்டில், கனமான ஃபேன், எதுவா இருந்தாலும் சீலிங்கில் ஓட்டை போடறதுக்கு முன்னாடி அது பி.டி. ஸ்லாபான்னு ஒரு தடவை கேளுங்க. உங்க சொசைட்டி பீரோவில் என்ன இருந்தது, என்ன இல்லைன்னு பின்னூட்டத்தில் சொல்லுங்க.